வயல் பாசியின் ஒற்றைச் செல்லை மல்டிமீட்டரில் அளந்தது

எனக்குத் தொழில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ். தஞ்சாவூர்ப் பக்கம் சின்னக் கடை. டிவி, இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபையர் என்று இருபது வருடமாக மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் கையுமாக இருப்பவன். உயிரியலை பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நாள் சாயங்காலம் விலங்கியல் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள்.

"அப்பா, நரம்புச் செல்லுக்கு உள்ள -70 மில்லிவோல்ட்னு போட்டிருக்கு. மீட்டருக்கு ரெண்டு முனை வேணும்ல? ஒண்ணு வெளிய இருக்கலாம். இன்னொண்ணை செல்லுக்குள்ள எப்படி வெச்சாங்க?"

நல்ல கேள்வி. என் தொழிலில் தினமும் வருகிற கேள்வியும் அதுதான்: அளக்க வேண்டிய இடத்தை எப்படித் தொடுவது, தொட்டால் அது மாறிவிடாதா? பதில் தேடிப் படித்தோம். 1939-ல் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக் கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரும் ஊசிக்கணவாயின் பெரிய நரம்பிழைக்குள் நீளவாக்கில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகி அளந்தார்கள். அந்த இழை அரை மில்லிமீட்டர் தடிமன், குழாய் அதில் ஐந்தில் ஒரு பங்கு. நம் நரம்பில் அப்படிச் செருக இடமே இல்லை, அதனால்தான் கணவாய். 1963-ல் இருவருக்கும் ஜான் எக்கிள்ஸோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

மகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் விடவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செல்லை, என் மேசைமேல், என் மீட்டரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ரேடியோ ரிப்பேருக்கு வரும் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சொன்னது: "தம்பி, கணவாய்க்கு ஏன் கடலுக்குப் போறீங்க? நம்ம வயல் தண்ணியிலேயே அதைவிடப் பெரிய செல் கிடக்கு. காரான்னு ஒரு பாசி. ஒரு கணு இடைவெளி முழுக்க ஒரே செல். கணவாய்க்கு முன்னாடியே இந்தக் குடும்பத்துப் பாசியிலதான் நிறைய வேலை நடந்தது." உண்மைதான். அமெரிக்காவில் கென்னத் கோலும் ஹோவர்ட் கர்ட்டிஸும் 1938-ல் நைட்டெல்லா என்ற இதன் தாயாதிப் பாசியில்தான், மின் துடிப்பு கடக்கும்போது சவ்வின் மின்தடை சட்டென்று விழுவதைக் காட்டினார்கள். அடுத்த வருடம்தான் கணவாயில் அதே சோதனையைச் செய்தார்கள்.

இந்த வேலை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. எங்கே தப்பு செய்தேன் என்பதுதான் பிறகு செய்பவர்களுக்கு உதவும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

செல்லைப் பிடிப்பது

மடையோரம் தண்ணீர் அசையாமல் தெளிந்து நிற்கும் இடங்களில் கிடைத்தது. பார்க்கச் சின்னச் சின்ன குதிரைவால் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் வட்டமாகக் கிளைகள். கசக்கினால் பூண்டும் சேறும் கலந்த ஒரு வாடை. சார் சொல்லியிருந்த ஒரு விஷயம் முக்கியம்: காராவில் பல வகைகளுக்குத் தண்டைச் சுற்றி வேறு சிறு செல்கள் மேலுறை போலப் போர்த்தியிருக்கும், அவை ஆகாது. லென்ஸில் பார்த்தால் உறை உள்ளதில் நீளக் கோடுகள் தெரியும், உறை இல்லாதது வழவழவென்று பச்சைக் கண்ணாடிக் குழாய் போல இருக்கும். உறை இல்லாததைத் தேடி எடுத்தோம்.

ஒரு கணு இடைவெளியை மட்டும் விட்டு இரண்டு பக்கத்து செல்களையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். கணுவை வெட்டினால் போச்சு, செல் ஓட்டையாகிவிடும். என்னிடம் தேறியவை நாலு செ.மீ. நீளம், முக்கால் மில்லிமீட்டர் தடிமன். வெட்டியவுடன் அளக்கக் கூடாது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஓய்வாக விட வேண்டும். காலையில் இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், உயிரோடு இருப்பது தென்னை ஈர்க்கு போல விறைப்பாக நிற்கும். தொங்கினால் அது செத்தது.

அந்த ஓய்வுத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் அல்ல. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 மில்லிமோல் (எத்தனை துகள்கள் என்பதை வைத்து அளவு சொல்லும் அலகு) சோடியம் குளோரைடு, 0.5 மில்லிமோல் கால்சியம் குளோரைடு, 0.1 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு. கடைசியில் உள்ளதெல்லாம் ஏழரை மில்லிகிராம்தான். என் தராசில் நிற்காது. அதனால் லிட்டருக்கு 7.46 கிராம் போட்டு 100 மில்லிமோல் கரைசல் செய்துகொண்டு, அதிலிருந்து 1 மில்லியை எடுத்து விட்டேன். மற்றவையும் அப்படியே. உரக்கடைப் பொட்டாஷை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதில் வேறு உப்புகளும் சிவப்புத் தூசும் கலந்திருக்கும். லேப் சாமான் விற்கும் கடையில் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு சின்ன டப்பாவில் கிடைக்கிறது.

உள்ளே போகாமல் உள்ளே அளப்பது

செல்லைக் குத்தாமல் அளக்க ஒரு வழி உண்டு. பொட்டாசியம் மயக்கம் என்று சொல்கிறார்கள். ஜப்பானில் காராவை ஆராய்ந்தவர்கள் நிறையப் பயன்படுத்திய முறை. எனக்கு இதை சார் உயிரியல் பாஷையில் சொன்னபோது ஏறவில்லை. மின்சாரப் பாஷையில் யோசித்ததும் பளிச்சென்று புரிந்தது.

செல்லின் இடது பாதியை ஒரு தொட்டியிலும் வலது பாதியை இன்னொரு தொட்டியிலும் போடுங்கள். நடுவில் தண்ணீர் தொடர்பு இல்லாமல் அடைத்துவிடுங்கள். இப்போது இரண்டு பாதியின் சவ்வும் இரண்டு பேட்டரிகள். இரண்டின் மைனஸ் முனையும் உள்பக்கம், செல்லின் சாற்று வழியாக ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கிறது. தொட்டிக்குத் தொட்டி மீட்டர் வைத்தால் முதுகோடு முதுகு வைத்த இரண்டு பேட்டரி மாதிரி, பூஜ்யம்தான் வரும். ஒன்றை மட்டும் காலி செய்துவிட்டால்? மிச்சமிருப்பதன் வோல்டேஜ் அப்படியே மீட்டரில் தெரியும்.

காலி செய்வது எப்படி என்பதில்தான் சவ்வு எதனால் பேட்டரியாக இருக்கிறது என்பதும் அடங்கியிருக்கிறது. செல்லுக்குள் பொட்டாசியம் அயனி ஏறக்குறைய 100 மில்லிமோல், வெளியே 0.1. சவ்வில் பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிடும் கால்வாய்கள் திறந்திருக்கின்றன. அடர்த்தி அதிகமான உள்ளிருந்து பொட்டாசியம் வெளியே கசியும். ஒவ்வொன்றும் ஒரு பிளஸ்ஸை எடுத்துக்கொண்டு போகிறது. கூட வர வேண்டிய மைனஸ் அயனிக்கு அந்த வழியில் இடம் இல்லை. உள்பக்கம் மைனஸ் ஆகிறது. அந்த மைனஸே அடுத்துப் போகப் பார்க்கும் பொட்டாசியத்தைப் பிடித்து இழுக்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் சமமாகும் வோல்டேஜை வால்டர் நெர்ன்ஸ்ட் 1880-களின் கடைசியிலேயே கணக்குப் போட்டுவிட்டார். 30 டிகிரி வெயிலில், அடர்த்தி வித்தியாசம் பத்து மடங்குக்கு 60 மில்லிவோல்ட். ஆயிரம் மடங்குக்கு 180. இதைச் சவ்வுக்குப் பொருத்தி 1902-ல் ஜூலியஸ் பெர்ன்ஸ்டைன் சொன்னார்.

அப்படியானால் வெளியேயும் 100 மில்லிமோல் பொட்டாசியத்தை ஊற்றினால்? வித்தியாசம் இல்லை, வோல்டேஜும் இல்லை. இடது தொட்டியில் அதைத்தான் ஊற்றுகிறோம். செல் சாகாது, அந்தப் பாதி மட்டும் மயங்கிக் கிடக்கும்.

தொட்டிக்குப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் மிச்சமான தடித்த அக்ரிலிக் துண்டு. ஒன்றரை செ.மீ. குழி இரண்டு, நடுவில் 5 மில்லிமீட்டர் சுவர், சுவரில் செல் படுக்க ஒரு மில்லிமீட்டர் காடி. காடியைப் பெட்ரோலியம் ஜெல்லியால் நிரப்பி, அதில் செல்லை அழுத்தி, மேலேயும் ஜெல்லி.

எலக்ட்ரோடு வெள்ளிக் கம்பி. முதலில் பழைய கொலுசை வெட்டிப் பார்த்தேன். கலப்பு உலோகம், மீட்டரில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு பத்தரிடம் சுத்த வெள்ளியை மெல்லிசாக இழுத்து வாங்கினேன். அதைத் துணி வெளுக்கும் பிளீச்சில் அரை மணி நேரம் போட்டால் மேலே வெள்ளி குளோரைடு படிந்து சாம்பல் கலந்த ஊதா நிறமாகிவிடும். கழுவி, ஒரே கம்பியிலிருந்து வெட்டிய இரண்டு துண்டையும் ஒன்றாக முறுக்கி, ஒரே உப்புக் கரைசலில் ஒரு ராத்திரி விட்டேன். காலையில் பிரித்து அதே கரைசலில் அளந்தால் வித்தியாசம் ஒரு மில்லிவோல்ட்டுக்குள்.

மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 1 மெகா ஓம்தான். இந்தச் செல்லுக்குள் நீளவாக்கில் மட்டும் சில பத்து கிலோ ஓம் இருக்கிறது. நீளமான செல் என்றால் நூறைத் தொடும். மஞ்சள் மீட்டரே பத்து சதவீதம் தின்றுவிடும். 10 மெகா ஓம் மீட்டர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டின்மேல் வைத்துத் தட்டை எர்த் செய்ததும் டியூப்லைட் இரைச்சல் அடங்கியது.

-128, அது யாருடையது?

மூன்றாம் ஞாயிறு. கறுப்பு முனை வலது தொட்டியில், சிவப்பு முனை பொட்டாசியம் தொட்டியில். பத்து நிமிடம் காத்திருந்து ஸ்விட்ச் போட்டேன்: -128 மில்லிவோல்ட். காரா பற்றிப் படித்த எண்கள் -150-லிருந்து மேலே, சில நேரம் -200-ஐத் தாண்டியும் இருந்தன. முதல் முயற்சிக்கு -128 என்றால் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஃபோட்டோ எடுத்து சாருக்கும் அனுப்பினேன்.

அவர் திருப்பி அனுப்பியது ஒரே வரி: "செல்லை எடுத்துட்டு ஈர நூல் வெச்சுப் பாருங்க."

வெள்ளைத் தையல் நூலை நனைத்து அதே காடியில் வைத்தேன். -94.

அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலில் சவ்வு இல்லை, உயிர் இல்லை. பிறகு பேப்பரை எடுத்தேன். வெள்ளி குளோரைடு பூசிய கம்பியின் சொந்த வோல்டேஜ், அது முங்கியிருக்கும் குளோரைடின் அடர்த்தியைப் பொறுத்தது. ஒரு பக்கம் 100 மில்லிமோல் குளோரைடு. மறுபக்கம் எல்லா உப்பையும் கூட்டினால் 2.1. நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே நெர்ன்ஸ்ட் கணக்குப்படி 95 முதல் 100 மில்லிவோல்ட். இன்னும் மோசம், அதன் திசையும் செல்லின் திசையே. பொட்டாசியம் பக்கம்தான் மைனஸ். கம்பிகளே ஒரு பேட்டரி. செல்லைப் பாட வைக்கிறேன் என்று நினைத்து, என் கம்பியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். செல்லின் பங்கு வெறும் 34.

இதற்கு மருந்து உப்புப் பாலம். இரண்டு கம்பியும் ஒரே மாதிரியான கரைசலில் இருக்க வேண்டும். அங்கிருந்து தொட்டிக்கு ஜெல் நிரப்பிய குழாய் வழியாகத் தொடர்பு போக வேண்டும். கடல்பாசி என்று மளிகைக்கடையில் ஜெல்லி இனிப்புக்கு விற்பதுதான் அகர். 100 மில்லி தண்ணீரில் 22 கிராம் பொட்டாசியம் குளோரைடு போட்டு, 3 கிராம் கடல்பாசியைக் கரையக் காய்ச்சி, மீன்தொட்டிக் காற்றுக்குழாயில் சூடாக இருக்கும்போதே சிரிஞ்சால் ஏற்றினேன். குமிழி இருந்தால் தொடர்பு அறுந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இரண்டு குழாயைத் தூக்கிப் போட்டேன். பொட்டாசியமும் குளோரைடும் தண்ணீரில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்பவை என்பதால் பாலத்தின் முனையில் புது வோல்டேஜ் எதுவும் பெரிதாக முளைக்காது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வலது தொட்டியில் பாலத்திலிருந்து பொட்டாசியம் கசியும். அளக்கும் நேரம் மட்டும் முனையை நனைத்தேன், தண்ணீரை அடிக்கடி மாற்றினேன்.

ஈர நூல்: -2. அப்பாடா.

செல்: -37.

கம்பியின் பொய் போனது. ஆனால் செல்லின் உண்மை இன்னும் வரவில்லை. செல் விறைப்பாகத்தான் இருந்தது, லென்ஸில் பச்சை கலையாமல் இருந்தது. பேட்டரி நன்றாக இருந்தும் முனையில் வோல்டேஜ் விழுந்தால் எங்கள் கடையில் முதலில் பார்ப்பது லீக்கேஜ். இங்கே எங்கே லீக்? காடிதான். ஈரச் செல்லை அப்படியே ஜெல்லியில் அழுத்தியிருக்கிறேன். எண்ணெய்ப் பசை ஈரத்தில் ஒட்டாது. செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் குழாய் போல மிஞ்சிவிட்டது, அதில் பொட்டாசியம் கரைசல் ஊறியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் படலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 5 மில்லிமீட்டர் சுவரைக் கடக்க அதன் தடை பதின்மூன்று கிலோ ஓம் சுமார். செல்லின் உள்தடை ஐம்பதுக்கு மேல். கிட்டத்தட்ட ஷார்ட். முக்கால்வாசிக்கு மேல் வோல்டேஜ் செல்லுக்குள்ளேயே விழுந்துவிடும்.

நாலாம் ஞாயிறு முழுக்க இந்த 5 மில்லிமீட்டரோடுதான் போயிற்று. கடைசியில் பலித்தது இது. செல்லின் இரண்டு முனையும் ஈரத் துணியில் இருக்க, நடுப்பகுதியை மட்டும் வடிதாளின் ஓரத்தால் தொட்டுத் தொட்டு ஒற்றினேன், தேய்க்காமல். பளபளப்பு போய் மங்கும் ஒரு நொடி இருக்கிறது, அதுதான் சமயம். அதைத் தாண்டினால் செல் வாடிவிடும். அந்த நொடியில் ஜெல்லியை நடுப்பகுதி முழுவதும் விரல் நுனியால் சுற்றிப் பூசி, காடியில் படுக்க வைத்து, மேலே ஊசி போடும் சிரிஞ்சால் ஜெல்லியைப் பிழிந்து மூடினேன். தொட்டிகளில் தண்ணீர் அதற்குப் பிறகுதான். எட்டு செல்லில் ஐந்து செத்தன. ஆறாவதில் மீட்டர் -90-ஐக் கடந்து ஏறி, ஏறி, கால் மணி நேரத்தில் -158-ல் நின்றது.

இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. அதே செல்லின் ஜோடி ஒன்றை வெந்நீரில் முக்கிக் கொன்று, அதே மாதிரி ஒற்றி, அதே மாதிரி பூசி வைத்தேன். -5. அதற்குப் பிறகுதான் மகளைக் கூப்பிட்டேன்.

-158 என்பது பெரிய எண்ணாகத் தெரியாது. ஒரு பேனா பேட்டரியில் பத்தில் ஒன்று. ஆனால் அது விழுவது ஐந்து நானோமீட்டர் தடிமன் சவ்வுக்குக் குறுக்கே. ஒரு மில்லிமீட்டருக்கு என்று கணக்குப் போட்டால் 30,000 வோல்ட். காற்று 3,000-லேயே பொறி பறக்கும். கொழுப்பால் ஆன அந்தச் சவ்வு அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இதற்காக எவ்வளவு பொட்டாசியம் வெளியேற வேண்டும் என்று மகள் கேட்டாள். சவ்வின் மின்தேக்கம் ஒரு சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஃபாரட் சுமார். கணக்குப் போட்டால் உள்ளே உள்ளதில் பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. சோதனைக்குழாயில் உப்பை அளந்தால் வித்தியாசமே தெரியாது. மீட்டரில் தெரிகிறது.

வெளியே பொட்டாசியத்தை ஏற்றியபோது

ஐந்தாம் ஞாயிறு, வலது தொட்டியில் மட்டும் பொட்டாசியத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். 0.1-ல் -158. 1 மில்லிமோலில் -141. 10-ல் -64.

நெர்ன்ஸ்ட் சொல்வது முறையே -180, -120, -60. கடைசி எண் பொருந்துகிறது. முதல் எண் கொஞ்சம் குறைவு, அதற்குக் காரணம் சொல்லலாம்: சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிகிறது, என் காடியும் கொஞ்சம் கசிகிறது. ஆனால் நடு எண்? 1 மில்லிமோலில் பொட்டாசியம் மட்டுமே பொறுப்பு என்றால் -120-ஐத் தாண்டி மைனஸ் போக வழியே இல்லை. கசிவு எண்ணைக் குறைக்கும், கூட்டாது. மீட்டர் -141 காட்டுகிறது. செல் வேறு எதையோ வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

அது ஹைட்ரஜன் அயனி. தாவரச் செல்களின் சவ்வில் உள்ள பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு பிளஸ். நம் செல்களில் அந்த இடத்தில் இருப்பது வேறு பம்ப்: 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ நண்டின் கால் நரம்பிலிருந்து எடுத்து 1957-ல் அதை அடையாளம் காட்டினார். நாற்பது வருடம் கழித்து 1997-ல் நோபல் வந்தது. நம் நரம்பில் அந்தப் பம்ப் நேரடியாகச் சேர்க்கும் வோல்டேஜ் சில மில்லிவோல்ட்தான். அதன் பெரிய வேலை உள்ளே பொட்டாசியத்தையும் வெளியே சோடியத்தையும் தீராமல் வைத்திருப்பது. காராவின் பம்ப் வோல்டேஜையே நேரடியாகக் கூட்டுகிறது. பேட்டரியும் சார்ஜரும் ஒரே சவ்வில்.

10 மில்லிமோலில் எண் சரிந்ததைப் பார்த்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. சிறுநீரகம் பழுதான கடைசி இரண்டு வருடமும் அம்மாவுக்கு இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காய்கறியை நறுக்கி ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சமைப்போம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் செய்தோமே தவிர ஏன் என்று எனக்குத் தெரியாது. நம் ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்கலாம். இதயச் செல்லுக்குள் 140 சுமார். வெளியே 4 என்றால் பொட்டாசியத்தின் சமநிலை -95. சிறுநீரகம் வெளியேற்றாமல் அது 8 ஆகிவிட்டால் -76. இருபது மில்லிவோல்ட் கூட இல்லை. ஆனால் இதயம் துடிப்பதற்கான சோடியக் கால்வாய்கள் தயாராக இருப்பதும் முடங்குவதும் அந்த இருபதுக்குள்தான் இருக்கிறது. பரங்கிக்காயை ஊறவைத்த அந்தப் பாத்திரங்கள் என்ன வேலை செய்தன என்று என் மேசைமேல் ஒரு பாசி காட்டியது.

தட்டினால் என்ன ஆகிறது

ஆறாம் ஞாயிறு. காராவைத் தட்டினால் அதற்கும் நரம்பு போலவே ஒரு மின் துடிப்பு உண்டு. நரம்பில் அது ஆயிரத்தில் ஒரு நொடி, மல்டிமீட்டர் கண் சிமிட்டக்கூட நேரம் இல்லை. காராவில் சில நொடிகள். குளிர்ந்தால் இன்னும் நீளும். தட்டைச் சுற்றிப் பனிக்கட்டி அடுக்கி 20 டிகிரிக்கு இறக்கினேன். ஓய்வு அளவு -147 ஆனது. செல்ஃபோனை மீட்டர் முன் நிறுத்தி வீடியோ ஓடவிட்டு, வலது பாதியின்மேல் இரண்டு செ.மீ. உயரத்திலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குச்சியை விழவிட்டேன்.

முதல் தடவை ஏழு மில்லிவோல்ட் குறைந்து திரும்பியது. தட்டு போதவில்லை. மூன்று செ.மீ.யிலிருந்து விட்டேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மகள் எழுதிய எண்கள்: -147, -139, -62, -19, -31, -58, -90, -118, -136, -144. முழுசாக ஐந்து நொடிக்குள்.

நரம்பில் ஏற்றத்துக்குக் காரணம் சோடியம் உள்ளே பாய்வது. காராவில் நேர் எதிர். தட்டியதும் செல்லின் சாற்றுக்குள் கால்சியம் ஏறுகிறது, அது குளோரைடு கால்வாய்களைத் திறக்கிறது, மைனஸ் ஏந்திய குளோரைடு வெளியே ஓடுகிறது. மைனஸ் போனால் உள்ளே பிளஸ் பக்கம் ஏறும். பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்கு இறக்குகிறது. வழி வேறு, மீட்டரில் தெரியும் வளைவு ஒரே குடும்பம்.

அந்தக் கால்சியத்தின் வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம்: அது ஏறினால் செல்லுக்குள் ஓடும் சாறு நின்றுவிடும். வேறொரு செல்லை மகளின் சின்ன மைக்ரோஸ்கோப்பில் நூறு மடங்கில் வைத்தோம். உள்ளே சாறு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே, சுருளாக. இரண்டு ஓட்டமும் உரசும் இடத்தில் பச்சையமில்லாத வெள்ளைக் கோடு ஒன்று. நொடிக்கு ஐம்பது மைக்ரானுக்கு மேல் வேகம். பெரிதாக்கிப் பார்க்கும்போது வாய்க்காலில் துரும்பு போவதுபோல இருக்கும். பல்குச்சியால் ஒரு தட்டு. எல்லாத் துரும்பும் ஒரே நேரத்தில் நின்றது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் ஆகியும் அசையவில்லை. பிறகு ஓரத்தில் ஒன்று நகர்ந்தது, தயங்கியது, மறுபடி நகர்ந்தது. பழைய வேகத்துக்கு வர ஐந்தாறு நிமிடம் ஆனது.

சாயங்காலம் அளந்த செல்லின் இடது தொட்டியிலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்சி எடுத்து, ஓய்வுத் தண்ணீரை நாலு முறை மாற்றி மாற்றி ஊற்றினேன். மீட்டர் மெதுவாக -147-லிருந்து கீழே வந்து, அரை மணி நேரத்தில் -2 ஆனது. மயங்கிக் கிடந்த பாதி எழுந்திருந்தால் இரண்டு பேட்டரியும் முதுகோடு முதுகாகிப் பூஜ்யம் காட்டும். செல் செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்.

"இது எதுப்பா?" என்று மகள் கேட்டாள்.

ஜெல்லியைத் துடைத்து, செல்லை மெதுவாக எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். இரண்டு பாதியிலும் ஓடிக்கொண்டிருந்தது.